தகவல் அறிவியல்: சொல் விளக்கம்

இன்ஃபர்மேஷன் சயின்ஸ் என்றதும் கணினிப் படிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கர்நாடகப் பொறியியல் கல்லூரிகளில் அந்தப் பெயரில் நடத்தும் படிப்பு கிட்டத்தட்ட கணினிப் பொறியியல்தான். அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தத் துறையின் தாய்வீடு நூலகம்.

இன்ஃபர்மேஷன் லத்தீன் வழி வந்த சொல். உருக்கொடுத்தல் என்பது வேர்ப்பொருள். தமிழில் தகவல். 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின் இது அலுவலகப் படிவங்களிலும் புழங்கும் சொல்லாகிவிட்டது.

நூலகப் பணிக்கென்று 1887-இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் பள்ளி திறந்தவர் மெல்வில் டூயி. சென்னையில் கணிதம் கற்பித்துவந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924-இல் பல்கலைக்கழக நூலகரானார். 1929-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கிய கோடைக்கால வகுப்பை 1931-இல் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. 1937-இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பானது. அப்போதெல்லாம் பெயர் நூலக அறிவியல் மட்டும்தான்.

சரி, தகவல் எப்போது சேர்ந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆய்விதழ்கள் குவிந்தன. இந்த மருந்து குழந்தைகளின் கல்லீரலைப் பாதிக்குமா என்று கேட்கும் மருத்துவருக்கு நூலகப் பட்டியல் அட்டை உதவாது. அட்டையில் இதழின் பெயர் இருக்கும். எந்தக் கட்டுரையில் விடை என்பது இருக்காது. கட்டுரைகளைச் சுருக்கி, பொருள்வாரியாகக் குறித்து, கேட்டதும் எடுத்துத் தரும் இந்த வேலையை முதலில் ஆவணவாக்கம் என்றார்கள். ரங்கநாதன் 1962-இல் பெங்களூரில் தொடங்கிய பயிற்சி மையமும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. 1963-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனம் தகவல் அறிவியலுக்கெனத் தனிப் பள்ளி தொடங்கியது. 1968-இல் அமெரிக்க ஆவணவாக்க அமைப்பும் தன் பெயரில் அந்தச் சொல்லை ஏற்றது. 1974-இல் அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்து நூலக அறிவியல் பள்ளி, நூலகம் என்ற சொல்லையே பெயரிலிருந்து எடுத்துவிட்டது. கொஞ்சம் அவசரம்தான்!

தமிழ்நாட்டில் தகவல் அறிவியல் என்பதே வழக்கு. அறிவியலை விஞ்ஞானம் என்னும் இலங்கையில் தகவல் விஞ்ஞானம். கருவியையும் மென்பொருளையும் சார்ந்த தகவல் தொழில்நுட்பம் வேறு. தகவலியல் என்பது கச்சிதமான சொல்தான், ஆனால் அதை, தகவலைக் கணினிவழி கையாளுவதை ஆராயும் இன்ஃபர்மாட்டிக்ஸுக்கு விட்டுவைப்பது நல்லது. அப்புறம், லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் சயின்ஸ் என்ற துறைப் பெயரை நூலகத் தகவல் அறிவியல் என்று ஒட்டி எழுதினால் நூலகத்தைப் பற்றிய தகவல் என்று பொருள் திரிகிறது; நூலக அறிவியலும் தகவல் அறிவியலும் என்று பிரித்தே எழுதலாம்.