எக்ஸ்ரேயில் ஏழு, மீதி இரண்டு எங்கே?

கொழும்பு வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் ஒருவர் போன மாதம் கையில் போட்ட தையல் வெட்ட வந்திருந்தார். கட்டை அவிழ்க்கும்போதே கேட்டார்: "டொக்டர், வீட்டுப் பாதுகாப்புக்கு எது நல்லது? சொட்கனா, ரைபிளா? ஹூஸ்டனில இருக்கிற தம்பி ரைபிள்தான் எண்டு சொல்லுறான்."

அவருடைய ஒழுங்கையில் கள்ளன் புகுந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. மனுசன் இரவில் நித்திரை கொள்வதில்லை. அந்தப் பயம் நியாயமானது. இருபது வருடமாகச் சூட்டுக் காயங்களைத் திறந்து பார்க்கிறவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் சொட்கன். 12 போர் என்பார்கள். குழாயின் அளவுக்குச் சரியான ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல், அதனால் அந்தப் பெயர். எஸ்.ஜி. தோட்டா ஒன்றுக்குள் எட்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய குண்டுகள் ஒன்பது இருக்கும். குறி பார்க்கத் தேவையில்லை, அறை முழுக்க விசிறி அடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பிழை. மூன்று நாலு மீற்றர் தூரத்தில் அவை உள்ளங்கை அகலத்துக்குக்கூட விரிவதில்லை. ஒரே கட்டியாகப் போய் இறங்கும்.

வத்தளைப் பக்கம் ஒரு தகப்பன். சிலாபத்தில் தென்னந்தோட்டம் உண்டு, பன்றிக்காக உரிமத்தோடு எடுத்த துவக்கு. விடியற்காலை இரண்டு மணிக்குப் பின்கதவு அசைந்த சத்தம் கேட்டுச் சுட்டுவிட்டார். வந்தவன் இரவு வேலை முடித்து வந்த அவருடைய மகன், வயது பத்தொன்பது. தொடையில் ஒரே ஒரு ஓட்டை. உள்ளே எலும்பு தூள். பெரிய இரத்தக் குழாய் மயிரிழையில் தப்பியிருந்தது. எக்ஸ்ரேயில் வெள்ளைப் பொட்டுகளாகக் குண்டுகள் தெரிந்தன. எண்ணினேன்: ஏழு. தசைக்குள் விரலை விட்டுத் தேடியபோது வேறொன்று தட்டுப்பட்டது. நாலு இதழ் விரிந்த பூவைப்போல ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். தோட்டாவுக்குள் குண்டுகளைத் தாங்கி நிற்கும் அடைப்பு அது. கிட்டத்தில் சுட்டால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும், எக்ஸ்ரேயில் தெரியாது, விட்டுவிட்டால் சீழ் பிடிக்கும்.

மீதி இரண்டு குண்டுகள்? காலையில் பொலிசார் கண்டுபிடித்தார்கள். பின்யன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுக் கேற்றில் பட்டிருந்தன. பகலில் அந்தக் கேற்றடியில் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

அப்புறம் ரைபிள். சொட்கன் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 400 மீற்றர் வேகத்தில் வெளிவரும். நாங்கள் அதிகம் காணும் ரி-56 என்ற இராணுவ ரைபிளின் ரவை 700 மீற்றருக்கு மேல். நுழைந்த இடம் சுண்டுவிரல் அளவுதான். உள்ளே தசை ஒரு கணம் பலூன்போல ஊதி அடங்கியிருக்கும். பார்வைக்கு நல்ல தசைபோலத் தெரிவதும் இரண்டு நாளில் கறுத்துச் சாகலாம். அதனால் அந்தக் காயத்தை அன்றே தைத்து மூட மாட்டோம். இன்னொன்று: ஒருவரின் தோளைத் துளைத்த ரவையைப் பின்னால் நின்றவரின் வயிற்றிலிருந்து எடுத்திருக்கிறேன். ரைபிளைப் பற்றி என் முதல் பயம் அதுதான்.

ஹூஸ்டன் தம்பி சொல்வதில் அவருடைய ஊருக்கு ஒரு நியாயம் உண்டு. அங்கே உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. எஸ்.ஜி. அளவுக் குண்டுகள் அதைக் கடதாசிபோலக் கிழித்துப் போகும், அங்கே பலர் வைத்திருக்கும் ஏ.ஆர்-15 ரைபிளின் சில இலேசான ரவைகளோ தடுமாறி உடைந்துவிடும். அதனால்தான் அங்கே அந்த விவாதம். எங்களுக்குச் செங்கல்லும் சீமெந்தும். ஆனால் தொடர்மாடியில் கதவு மரம், யன்னல் கண்ணாடி, அறையைப் பிரிக்கும் தடுப்பு ஒட்டுப்பலகை, எதிர்வீட்டு யன்னல் கையெட்டும் தூரம். சுவரில் பட்டாலும் குண்டு தெறித்துத் திரும்பும்.

சட்டமும் வேறு. இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தானியங்கித் துப்பாக்கி வைத்திருந்தால் 1996 திருத்தத்தின்படி ஆயுள் சிறைவரை போகலாம். தற்காப்புக்கு என்று கொடுத்த துப்பாக்கிகளையே 2024 இறுதியில் மீள ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது. தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புரிமையைத் தருகிறது, உண்மைதான். தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தராது.

ஆகவே கடைக்காரருக்கு நான் சொன்னது: "அண்ணை, ரெண்டும் வேண்டாம். அந்தக் காசில கதவைப் பாருங்கோ." பின்கதவுக்கு மேலும் கீழும் இரும்புத் திறாங்கு, குசினி யன்னலுக்குக் கிறில், ஒழுங்கைப் பக்கம் அசைந்தால் எரியும் விளக்கு. சத்தம் கேட்டால் எல்லாரும் ஒரே அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி பொலிசுக்கு, 119க்கு அழையுங்கள். கள்ளனைத் தேடிப் போக வேண்டாம்.

யாருக்காவது சூடு பட்டுவிட்டால் அம்புலன்ஸுக்கு, 1990க்கு அழையுங்கள். சுத்தமான துணியை வைத்து முழுப் பலத்தோடு அழுத்துங்கள். இரத்தம் நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கையிலோ காலிலோ நிற்காமல் பாய்ந்தால் காயத்துக்கு மேலே அகலத் துணியால் கட்டி, தடியைச் செருகி முறுக்கி இறுக்குங்கள், கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

வத்தளைத் தகப்பன் துவக்கை ஒப்படைத்துவிட்டார். மகனுக்கு ஒரு கால் சற்றுக் கட்டை. இப்போதும் இரவு வேலைதான். கேற்றடியில் நின்று போன் எடுக்கிறான். அப்பா "வா மோனே" என்று சொன்ன பிறகுதான் கதவில் திறப்பைப் போடுகிறான்.