பரு மாத்திரை வாங்கும் முன் கல்யாணத் தேதியைச் சொல்லுங்கள்

முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்கு வந்தார். பெண்ணுக்கு உதடு வெடித்துத் தோல் உரிந்துகொண்டே இருக்கிறது. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டதும் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினோயின், 20 மில்லிகிராம். "இவ மதினிக்கு எழுதிக் குடுத்த சீட்டு டாக்டரம்மா, அவளுக்கு முகம் தெளிஞ்சிட்டு, அதான் இவளுக்கும் வாங்கினோம். மூணு வாரத்துல கல்யாணம்லா" என்றார் அம்மா. சீட்டு யாருடையது என்று மருந்துக் கடையில் யாரும் கேட்கவில்லையாம்.

உதடு இருக்கட்டும் என்று கல்யாணத்தைப் பற்றித்தான் முதலில் பேசினேன், அதுவும் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு.

இது வைட்டமின் ஏ குடும்பத்து மாத்திரை. சாப்பாட்டில் வரும் வைட்டமின் ஏ-யை உடல் ரெட்டினோயிக் அமிலமாக மாற்றுகிறது. அது செல்லின் உட்கருவுக்குள்ளேயே போய்விடும். அங்கே ஆர்.ஏ.ஆர்., ஆர்.எக்ஸ்.ஆர். என்ற இரண்டு ஏற்பிப் புரதங்கள் ஜோடியாக டி.என்.ஏ. மேல் உட்கார்ந்திருக்கின்றன. பாளையங்கால்வாய் மடையில் பலகை போட்டு அடைத்திருப்பார்களே, அந்த மாதிரி. அமிலம் வராதவரை இந்த ஜோடி வேறு சில புரதங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு டி.என்.ஏ. சுருளை இறுக்கமாகவே வைத்திருக்கும், பக்கத்து மரபணு அடங்கிக் கிடக்கும். அமிலம் வந்து ஆர்.ஏ.ஆரில் பொருந்தியதும் அந்த ஏற்பியின் வடிவம் மாறும், அடைத்து நின்ற புரதங்கள் விலகித் திறக்கிற புரதங்கள் வந்து சேரும், சுருள் தளர்ந்து மரபணு வேலையைத் தொடங்கும். மாத்திரையும் உடலுக்குள் இந்த அமிலமாக மாறித்தான் மடையைத் திறக்கிறது. 1987-இல் பிரான்சில் பியர் ஷம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்டு எவான்ஸ் குழுவும் தனித்தனியாக இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தன. ஐசோட்ரெட்டினோயினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததோ 1982-இல். எந்த மடையைத் திறக்கிறது என்று தெரிவதற்கு முன்பே மாத்திரை கடைக்கு வந்துவிட்டது!

பரு விஷயத்தில் பலன் பெரிது. எண்ணெய்ச் சுரப்பி சுருங்கிவிடும். ஆனால் கருவில் இதே அமிலம்தான் தலை எங்கே, முதுகு எங்கே, இதயம் எப்படி மடங்க வேண்டும் என்று மரபணுக்களை வரிசையாக எழுப்புகிறது. அதற்காக ஓர் இடத்தில் அமிலத்தைச் செய்யும் நொதி, பக்கத்து இடத்தில் அதை அழிக்கும் நொதி என்று கரு அளந்து அளந்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் அம்மா விழுங்கிய மாத்திரை எல்லா மடையையும் சேர்த்துத் திறந்துவிட்டால் நாற்றங்கால் முழுக்க வெள்ளம்தான். காது, முகம், இதயம், மூளை எல்லாவற்றிலும் குறை வரலாம். சில நாட்கள் சாப்பிட்டாலே ஆபத்து உண்டு, அதுவும் கர்ப்பம் என்று தெரியாத முதல் வாரங்களில்.

அதனால் தொடங்குவதற்கு முன் கர்ப்பப் பரிசோதனை, சாப்பிடும் காலம் முழுக்கக் கருத்தடை, நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கருத்தடை. சாப்பிடும் காலத்திலும் அந்த ஒரு மாதத்திலும் ரத்ததானமும் கூடாது, உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். மாத்திரை சாப்பிடும்போதே கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கடந்துவிட்டால் பிறகு உண்டாகும் குழந்தையைப் பற்றிப் பயம் வேண்டாம். சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்குக் கொடுக்கிற, இதே குடும்பத்து அசிட்ரெட்டின் மட்டும் வேறு கணக்கு, அதை நிறுத்திய பிறகு 3 வருடம் கருத்தடை வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதை நான் எழுதுவதே இல்லை.

அந்தப் பெண்ணுக்குப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை. மாத்திரையை அன்றே நிறுத்தினோம், மறுமாதம் வரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் விளக்கமாகச் சொன்னேன். கல்யாணத் தேதியை மாற்றத் தேவையில்லை.

அப்புறம் உள்ளே வந்த அம்மா, கேரட்டிலும் வைட்டமின் ஏ உண்டே, மறுவீட்டுச் சொதியில் அதைப் போடலாமா என்று கவலையோடு கேட்டார். தாராளமாகப் போடலாம். கேரட், முருங்கைக் கீரை, பப்பாளியில் இருப்பது பீட்டா கரோட்டின், உடல் தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றும். ஈரல் அப்படி இல்லை, அதில் வைட்டமின் ஏ ஏற்கெனவே தயாராக, நிறையவே இருக்கிறது. ரத்தம் ஊறும் என்று கர்ப்பிணிக்கு அடிக்கடி ஈரல் வறுத்துக் கொடுக்கிற வீடுகள் இங்கே நிறைய. அவர்கள் அதை நிறுத்திவிட்டு, மருத்துவர் தரும் இரும்புச் சத்து மாத்திரையையே கொடுக்கட்டும்.