உடைந்த சோலார் பேனலைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

கண்மாய்க் கரையில் மறுபடியும் பேனல் கண்ணாடிக் குவியல். அலுமினியச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு, ஒயரை உருவிக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டால், "பேனலுக்கு 25 வருஷம் ஆயுள் சார், அதுக்குள்ள என்ன கழிவு வந்துடப் போகுது?" என்கிறார்கள்.

அந்த 25 வருஷம் மின் உற்பத்திக்கான உத்தரவாதம். அதுவரை திறன் சுமார் 80 சதவீதத்துக்குக் கீழே போகாது என்பதுதான் அதன் பொருள். கண்ணாடி உடையாது என்று யாரும் எழுதித் தருவதில்லை. லாரியிலேயே சில உடையும். பேனலைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் கிளாம்பை அதிகம் முறுக்கினால் ஓரம் விரிசல் விடும். மேலே ஏறி நடந்தால், கண்ணாடி தாங்கினாலும் உள்ளே மின்சாரம் தயாரிக்கும் செல் விரிசல் விடும். நம் செட்டிநாட்டுச் செம்மண் சரளையில் புல்வெட்டும் மெஷின் தெறிக்கவிடும் ஒரு கல் போதும். கண்ணாடி முழுக்கச் சிலந்திவலையாய் நொறுங்கிப் பேனலின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் பின்தாளோடு ஒட்டி நிற்கும். முதல் வருஷத்திலேயே இதெல்லாம் நடக்கலாம்.

540 வாட் பேனல் ஒன்று சுமார் 28 கிலோ. ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 1,850 பேனல், அதாவது 50 டன்னுக்கு மேல். அதில் முக்கால் பங்கு கண்ணாடி. கடைக்காரருக்கு அது வேண்டாம். செல்களை இணைக்கும் பட்டைகளின் ஈயப் பூச்சு மழைநீரில் மெல்லக் கரையும். பின்தாள் பலவற்றில் ஃபுளூரின் உண்டு. எரித்தால் நுரையீரலை அரிக்கும் வாயு வரும். தயவுசெய்து எரிக்காதீர்கள்.

இதைக் கேட்டு நிலக்கரியே தேவலை என்று கிளம்பவும் வேண்டாம். தயாரிப்பிலிருந்து கழிவு வரை கணக்கிட்டு 2014-இல் ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி தந்த இடைமதிப்பு: பெரிய சோலார் நிலையத்துக்கு யூனிட்டுக்கு 48 கிராம் கரியமில வாயு, நிலக்கரிக்கு 820.

உடைந்த பேனலிலும் வெயில் பட்டால் மின்சாரம் உண்டு. பெரிய நிலையங்களில் தொடராக இணைத்த ஒரு வரிசைப் பேனல்கள் 1,000 முதல் 1,500 வோல்ட் வரை போகும். கழற்றும் முன் முதலில் இன்வெர்ட்டரை நிறுத்துங்கள், பிறகு பேனல் பக்கத்து மின்சாரத்தைத் துண்டிக்கும் டிசி ஐசொலேட்டர் சுவிட்சை. ஒயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கனெக்டரைப் பிரியுங்கள். ஓட்டத்தோடு பிரித்தால் தீப்பொறி கையைப் பொசுக்கிவிடும். பேனலைத் தடித்த தார்ப்பாயால் மூடுங்கள். ஈரத்தில் தொடவே தொடாதீர்கள். (மழை பெய்த காலையில் இன்சுலேஷன் கோளாறு (மின்கசிவு) காட்டி இன்வெர்ட்டர் நின்றால், உடைந்த பேனல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.)

கழற்றியதை மரப்பலகை மேல், கூரைக்குக் கீழே அடுக்கி, சீரியல் எண்ணைக் குறித்து வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் அடக்கம். 2034-35 வரை சேரும் பேனல் கழிவைச் சேமித்து வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. இனி வாங்குகிறவர்கள், உடைந்ததை யார் செலவில் யார் எடுத்துப்போவது என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.