சைலன்சர் வயிற்றுக்குள் ஒரு கல்யாண வீடு

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய். கோடையில் தண்ணீர் வற்றிவிட்டால் பையன்கள் அதற்குள் வண்டி ஓட்ட இறங்கிவிடுவார்கள். என் அக்கா மகனிடம் இருப்பது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. அவன் கூட்டாளி ஓட்டுவது அப்பா காலத்து யமஹா ஆர்எக்ஸ் 100, டூ ஸ்ட்ரோக். போன வாரம் வந்தவன், "மாமா, என்னுது இருநூறு சிசி, அவனுது நூறு. ஆனா நேர்ல போறப்ப ஒட்டிக்கிட்டே வர்றான், சில நேரம் முந்துறான். அப்புறம் ஏன் மோட்டோகிராஸ் மண் ரேஸ்ல எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக்காவே இருக்கு?" என்றான்.

முதல் பாதிக்குப் பதில் சுலபம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டு, இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு முறை வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பது போல வழியைத் திறந்து மூடும் வால்வு, அதை அசைக்கும் கேம் எதுவும் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது சிலிண்டர் சுவரிலுள்ள ஓட்டைகளைத் தானே மூடித் திறக்கும். அதனால் எடையும் குறைவு.

சிக்கலும் அங்கேதான். எரிந்த புகை வெளியேறும் ஓட்டையும் புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வரும் ஓட்டையும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கின்றன. புகையோடு சேர்ந்து புதுக் கலவையும் வெளியே ஓடிவிடும். இதைத் தடுக்க ஒரு கதவு வேண்டும், ஆனால் கதவு வைக்க இடமில்லை. அந்தக் கதவைச் சத்தத்தாலேயே செய்து வைத்தார்கள். எனக்கு எஞ்சினிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக்கின் சைலன்சரைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினிலிருந்து மெலிதாகக் கிளம்பி, நடுவில் வயிறு பெருத்து, மறுபடி குறுகி, கடைசியில் சின்னக் குழாயாக முடியும். ஏன் அந்த வயிறு?

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் கூட்டம் நெரிகிறது. பந்திக்குக் கூப்பிட்டதும் எல்லோரும் ஒடுக்கமான நடை வழியாக உள்ளே போகிறார்கள். நடை முடிந்து வளவுக்கு, அதாவது முற்றத்தைச் சுற்றிய பெரிய இடத்துக்கு, வந்ததும் முன்னால் போனவர்கள் விரிந்து பரவுகிறார்கள். உடனே அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு நெரிசல் தளர்கிறது, அடுத்து அவர்களுக்கும் பின்னால் இருப்பவர்களுக்கு. ஆள் யாரும் திரும்பி வரவில்லை. 'இடம் இருக்கு' என்ற சேதி மட்டும் முகப்பு வரை வருகிறது, வந்து கூட்டத்தை உள்ளே இழுக்கிறது. வளவின் மறுகோடியில் இரண்டாம் கட்டுக்குப் போகும் வாசல் மறுபடி ஒடுக்கம். அங்கே நெரிசல். இப்போது 'நில்லுங்கப்பா' என்ற சேதி பின்னால் வருகிறது. இது தள்ளும் சேதி. பெரியவர்களோடு சேர்ந்து நடைக்குள் ஓடிவிட்ட பிள்ளைகளை அது திரும்ப முகப்புக்கே தள்ளிவிடும்.

முகப்புதான் சிலிண்டர், ஓடிப்போன பிள்ளைகள் புதுக் கலவை. புகை ஓட்டை திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் பாய்கிறது. விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து மிச்சப் புகையை இழுத்துப் போடுகிறது. கூடவே கொஞ்சம் புதுக் கலவையும் போய்விடுகிறது. குறுகும் இடத்திலிருந்து தள்ளும் அலை திரும்பி வருகிறது. ஓட்டை மூடப்போகும் கடைசி நொடியில் அது வந்து சேர்ந்தால், ஓடிப்போன கலவை திரும்ப உள்ளே.

நேரம் எவ்வளவு? நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 7.5 மில்லிவினாடி. ஓட்டை ஏறக்குறைய பாதிச் சுற்று திறந்திருக்கும், அதாவது 3.75 மில்லிவினாடி. சூடான புகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். போக வர 1.9 மீட்டர் ஆகிறது. ஆக, குறுகும் கூம்பு ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

இதே குழாயோடு 4,000 சுற்றில் ஓட்டினால், பிஸ்டன் அடியில் இருக்கும்போதே தள்ளும் அலை வந்து, உள்ளே வந்துகொண்டிருக்கும் கலவையைத் திருப்பி அடிக்கும். அதனால்தான் இந்த வகை வண்டி கீழே முனகும், ஒரு கட்டத்துக்கு மேல் போனதும் பேய் பிடித்த மாதிரி இழுக்கும்.

இதை நுணுக்கமாக வளர்த்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன். காசில்லாத பட்டறை, ஆனால் அலையைப் பார்க்க ஓர் அலைக்காட்டி இருந்தது. 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதே ஆண்டு அவருடைய பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பி, அந்த ரகசியத்தோடு சுசூகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் வாங்கினார். அளந்து பார்க்கும் கருவிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது என்பது என் கட்சி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. இன்றைக்கு அப்படிக் கொடுப்பவர்கள் ஏனோ கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும்தான் கொடுக்கிறார்கள்.

சரி, மூடநம்பிக்கைக்கு வருவோம். பிள்ளையார்பட்டியில் புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவதில் எனக்குச் சண்டை இல்லை, எஞ்சினை அது ஒன்றும் செய்யாது. சைலன்சரை அறுத்தால் பவர் ஏறும் என்கிறார்களே, அதுதான் ஆபத்தான நம்பிக்கை. கல்லூரி நாளில் ஒரு மெக்கானிக் பேச்சைக் கேட்டு நானும் அறுத்தேன். தெரு முழுக்கக் கேட்டது, மேட்டில் ஏறவில்லை. அலை திரும்பி வர வேண்டிய சுவரையே அல்லவா வெட்டிப் போட்டேன்!

இவ்வளவு அழகான ஏற்பாடு களத்தில் ஏன் தோற்றது? பாதிக் காரணம் விதிமுறை. அமெரிக்கப் போட்டிகளில் 250 சிசி டூ ஸ்ட்ரோக்கோடு ஏறக்குறைய இரு மடங்கு அளவுள்ள ஃபோர் ஸ்ட்ரோக்கை ஓடவிட்டார்கள். 1998-இல் டக் ஹென்றி யமஹா ஒய்இசட் 400எஃப் என்ற ஃபோர் ஸ்ட்ரோக்கில் தேசியப் பட்டம் வென்றார். 2005-இல் ரிக்கி கார்மைக்கேல் சுசூகி ஆர்எம் 250 டூ ஸ்ட்ரோக்கில் சூப்பர்கிராஸ் (ஸ்டேடியத்துக்குள் நடக்கும் மோட்டோகிராஸ்) பட்டம் வாங்கியதோடு உச்சப் பிரிவில் அந்தக் காலம் முடிந்தது.

மீதிக் காரணம் மண். ஃபோர் ஸ்ட்ரோக் கீழிருந்தே சீராக இழுக்கும், வளைவில் கியரைத் தேட வேண்டியதில்லை. டூ ஸ்ட்ரோக்கில் கிளட்சை விடாமல் சுண்டிக்கொண்டே அந்தக் குறுகிய கட்டத்துக்குள் எஞ்சினை வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் பின்சக்கரம் மண்ணை வாரி இறைத்துச் சும்மா சுற்றும். செலவு மட்டும் நேர்மாறு. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனையும் ரிங்கையும் ஒரு மாலைக்குள் மாற்றிவிடலாம். ரேஸ் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு போனால் பர்ஸ் கிழியும்.

இதையெல்லாம் கேட்ட மருமகன் மறுநாள் கூட்டாளியோடு வண்டி மாற்றி ஓட்டியிருக்கிறான். நேர்ப் பாதையில் ஆர்எக்ஸ் பறந்திருக்கிறது. வளைவு வந்ததும் வழக்கம்போல ஆக்சிலரேட்டரை விட்டான். வண்டி வேகம் குறையாமல் சீமைக்கருவேலத்துக்குள் போய்விட்டது. "பிரேக் பிடிக்க மறந்துட்டேன் மாமா" என்றான், முழங்காலில் முள்ளைத் தேடிக்கொண்டே. மறக்கவெல்லாம் இல்லை. அவன் வண்டியில் அந்த பிரேக்கில் ஒரு பங்கை இதுவரை எஞ்சினே பிடித்துக்கொண்டிருந்தது.