ஒவ்வொரு ரெப்போவுக்கும் ஒரு விலாசம்

என் மடிக்கணினியில் முன்பு 'ப்ராஜெக்ட்ஸ்', 'புதுசு', 'டெஸ்ட்2' என்று மூன்று ஃபோல்டர்கள் இருந்தன. ஒரே ரெப்போ, அதாவது ஒரு மென்பொருளின் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேர்ந்த தொகுப்பு, மூன்றிலும் கிடந்தது. ஒரு நாள் ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து ஒரு பிழையைச் சரிசெய்து கமிட் போட்டேன், அதாவது மாற்றத்தை ரெப்போவின் வரலாற்றில் பதிவுசெய்தேன். காலையில் திறந்தால் திருத்தத்தைக் காணோம். நான் திறந்தது வேறு பிரதி.

இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. கிட் என்பது இந்த வரலாற்றைப் பராமரிக்கும் கருவி. ரெப்போவைப் பிரதி எடுக்கும் அதன் 'கிட் குளோன்' கட்டளை, நாம் எந்த ஃபோல்டரில் நிற்கிறோமோ அங்கேயே ரெப்போவை அதன் பெயரில் இறக்கிவிடும். அது யாருடைய ரெப்போ, எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பது ஃபோல்டர் பெயரில் இருக்காது. அசல் லினக்ஸ் ரெப்போ பக்கத்திலேயே நம்முடைய ஃபோர்க்கையும் (நம் கணக்கில் எடுத்து வைத்த அதன் நகல்) இறக்கப் பார்த்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபோல்டர் இருக்கிறது என்று கிட் மறுத்துவிடும். அப்புறம் 'லினக்ஸ்2' பிறக்கும்.

ஜிஎச்கியூ என்ற சிறிய கட்டளைவரிக் கருவி இதை வேரிலேயே சரிசெய்கிறது. கோ மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியின் 'கோ கெட்' கட்டளை வைத்திருந்த ஃபோல்டர் ஒழுங்கைத்தான் இது எல்லா ரெப்போக்களுக்கும் கொண்டுவருகிறது. 'ஜிஎச்கியூ கெட்' என்று சொல்லி முகவரியைக் கொடுத்தால் போதும், எங்கே வைப்பது என்று நாம் யோசிக்க வேண்டியதில்லை. ஹோம் ஃபோல்டருக்குள் ஜிஎச்கியூ, அதற்குள் ரெப்போக்கள் இருக்கும் தளமான கிட்ஹப்.காம், அதற்குள் உரிமையாளர் டோர்வால்ட்ஸ், அதற்குள் லினக்ஸ். தளம், உரிமையாளர், பெயர் என்று வரிசையாக உள்ளே போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் முகவரியைப் பிரிக்கும் விதம். ஒரே ரெப்போவை எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச் என்ற இரண்டு இணைப்பு முறைகளில் எது வழியாகவும் எடுக்கலாம். எஸ்எஸ்எச் முகவரியில் முன்னால் 'கிட்@' இருக்கும், தளப் பெயருக்குப் பின் சாய்கோட்டுக்குப் பதில் முக்காற்புள்ளி வரும். ஜிஎச்கியூ அந்த முன்னொட்டை விட்டுவிட்டு, முக்காற்புள்ளியைச் சாய்கோடாக்கி, கடைசியில் உள்ள '.கிட்'டையும் வெட்டிவிடுகிறது. எந்த வழியில் வந்தாலும் ஒரே ஃபோல்டர்தான். அது ஏற்கெனவே இருந்தால், இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். இரண்டாவது பிரதிக்கு வழியே இல்லை.

இதற்கென்று தனித் தரவுத்தளம் கிடையாது. 'ஜிஎச்கியூ லிஸ்ட்' என்றால் ஃபோல்டர்களுக்குள் இறங்கி, கிட் தன் பதிவுகளை வைக்கும் '.கிட்' என்ற உள்ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பட்டியல் போடும். அந்தப் பட்டியலை, தட்டத் தட்டத் தேடித் தரும் எஃப்இசட்எஃப் கருவிக்குள் அனுப்பினால், பெயரில் மூன்று எழுத்து தட்டியதும் வேண்டிய ரெப்போ வந்து நிற்கும். நான் நாளெல்லாம் இப்படித்தான் ரெப்போவுக்கு ரெப்போ தாவுகிறேன்.

ஒழுங்கான பாதையால் இன்னொரு லாபமும் உண்டு. 2017-இல் வந்த கிட் 2.13 முதல் ரெப்போ இருக்கும் ஃபோல்டரைப் பொறுத்து கிட்டின் அமைப்புகளை மாற்றும் 'இன்க்ளூட்இஃப்' என்ற வசதி இருக்கிறது. அலுவலகத்தின் ரெப்போக்கள் எல்லாம் ஒரே உரிமையாளர் ஃபோல்டருக்குள் இருப்பதால், அதற்குள் போடும் கமிட்டுக்கு மட்டும் அலுவலக மின்னஞ்சல் என்று ஒரே முறை எழுதிவைத்துவிடலாம்.

சரி, பழைய பிரதிகளை என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் முதலில் கமிட் போடாத மாற்றம் இருக்கிறதா என்று 'கிட் ஸ்டேட்டஸ்' பாருங்கள். பிறகு 'கிட் லாக் --பிராஞ்சஸ் --நாட் --ரிமோட்ஸ்' கொடுத்தால், இன்னும் புஷ் செய்யாத, அதாவது தளத்துக்கு அனுப்பாத, கமிட்கள் தெரியும். என் ராத்திரித் திருத்தம் அப்படித்தான் 'டெஸ்ட்2'-க்குள் கிடைத்தது. கமிட் போடாமல் ஸ்டாஷில் தற்காலிகமாக ஒதுக்கி வைத்த மாற்றங்கள் இதில் வராது. அதற்கு 'கிட் ஸ்டாஷ் லிஸ்ட்' தனியாகப் பார்க்க வேண்டும்.