என்ஜினை மாற்றினால் பின் ஆக்சில் ஏன் போகிறது?

பழைய செவ்ரோலே பிக்கப் ஒன்றில் பெரிய வி8 (V வடிவில் எட்டு சிலிண்டர்) என்ஜினைப் பூட்டும் வீடியோவைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "என்ஜின் முன்னால் இருக்கிறது. அதை மாற்றுகிறவர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பின் ஆக்சிலையும் ஏன் கழற்றிப் போடுகிறார்கள்?" அருமையான கேள்வி. வண்டி எப்படி நகர்கிறது என்பதன் உயிர்நாடியே இதில்தான் இருக்கிறது.

வண்டி, 1947இல் அமெரிக்காவில் வெளிவந்த செவ்ரோலே 3100 என்ற அரை டன் பிக்கப். உள்ளே 216 கன அங்குல, அதாவது மூன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின். 90 குதிரைத்திறன். பின் ஆக்சிலின் பல் விகிதம் 4.11, அதாவது சக்கரம் ஒருமுறை சுழல, முன்னாலிருந்து வரும் ஷாஃப்ட் 4.11 முறை சுழல வேண்டும். பண்ணைச் சாலைக்கு இது போதும். ஆனால் இன்றைய நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுழன்றாக வேண்டும். அதன் முழுத் திறனும் வெளிப்படுவதே 3,300 சுற்றில். எப்போதும் விளிம்பில் ஓடும் என்ஜின் நீடிக்காது. ஆகவே 5.7 லிட்டர் வி8ஐத் தேடிப் போகிறார்கள்.

பூட்டுவது பெரிய காரியமில்லை. வி8 அகலம் கூடியது, ஆனால் நீளம் குறைவு, பானெட்டுக்குள் அடங்கிவிடும். என்ஜினைத் தாங்கும் மவுன்ட் புதிதாக வெல்டு செய்ய வேண்டும், ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், இடப்பக்கம் புகைக்குழாய் ஸ்டியரிங் பாக்ஸில் இடிக்கும். எல்லாம் பட்டறையில் தீரும் வேலை.

தீராதது நியூட்டனின் மூன்றாம் விதி. கை டிரில்லின் பிட் மரத்தில் சிக்கிக்கொண்டால் டிரில்லே எதிர்ப்பக்கம் திரும்பி மணிக்கட்டை முறுக்கும் அல்லவா? பின் ஆக்சிலும் அப்படித்தான். சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் அதே அளவு திருப்புவிசை, ஆக்சில் ஹவுசிங்கை, அதாவது அதன் வெளிக்கூட்டை, பின்னோக்கிப் புரட்டப் பார்க்கும். ஷாஃப்ட்டிலிருந்து சுழற்சியை வாங்கும் சிறு பல்சக்கரமான பினியன் இருக்கும் மூக்குப் பகுதி மேலே எழும்பும்.

எவ்வளவு விசை? பழைய என்ஜின் தருவது சுமார் 236 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. முதல் கியரில் அது ஏறக்குறைய மூன்று மடங்காகிறது, ஆக்சிலில் இன்னொரு 4.11 மடங்கு. உராய்வு இழப்பை விட்டுவிட்டால் ஏறக்குறைய 2,850 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்றால், பாரம் ஏற்றிய வண்டியைத் தரை தள்ளும் விசை 800 கிலோ எடைக்குச் சமம். அந்த 800 கிலோ, ஆக்சிலிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கு ஏதோ ஒரு வழியில் போய்ச் சேர வேண்டும். எந்த வழியில்?

அரை டன் செவ்ரோலேக்களில் 1954 வரை இருந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. டார்க் டியூப் என்பார்கள். ஹவுசிங்கின் மூக்கில் ஒரு கனத்த எஃகுக் குழாயை இறுக்கமாகப் பூட்டி, அதன் மறுமுனையைக் கியர்பாக்ஸின் பின்புறம் ஒரு பந்து மூட்டில் செருகியிருப்பார்கள். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட் இந்தக் குழாய்க்குள்ளேயே, வெளியே தெரியாமல் சுழலும். குழாய்க்கு இரண்டு வேலை. ஆக்சிலின் மூக்கு எழும்பப் பார்த்தால் குழாய் நீண்ட நெம்புகோலாக நின்று தடுக்கும். குழாய் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2,850 நியூட்டன் மீட்டரின் முரட்டுத்தனம் முன்முனையில் வெறும் 190 கிலோ மேல்தள்ளலாகச் சாந்தமாகிவிடும். இரண்டாவது வேலை இன்னும் அழகு: தரையின் தள்ளுவிசையும் அதே குழாய் வழியாக முன்னால் ஓடி, பந்தை அழுத்தி, கியர்பாக்ஸ் வழியாக மவுன்ட்டுகளைத் தள்ளி வண்டியை நகர்த்துகிறது. பின்சக்கரம் வண்டியை அதன் இடுப்பில் கைவைத்துத் தள்ளுகிறது. ஆக்சில்மேல் வண்டியைத் தாங்கும் அடுக்கு வில்லான கமான் பட்டைக்குப் பெரும்பாலும் எடையைத் தாங்கும் வேலை மட்டும்தான்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். வி8உடன் வரும் புதிய கியர்பாக்ஸில் அந்தப் பந்து மூட்டுக்கு இடமே கிடையாது. பந்து இல்லையென்றால் குழாய் இல்லை. குழாயும் ஆக்சிலும் ஒரே உறுப்பு, எனவே ஆக்சிலும் போக வேண்டியதுதான். பழைய கியர்பாக்ஸையே வி8உடன் இணைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் 4.11 விகிதம் அப்படியே இருக்கும். நெடுஞ்சாலையில் அதே 3,000 சுற்று. பிறகு எதற்கு இத்தனை பாடு என்பது என் கருத்து.

குழாய் போனபின் அதன் இரண்டு வேலையும் கமான் பட்டையின் தலையில் விழுகிறது. நம் ஊர் அம்பாசிடரிலும் பொலிரோ பிக்கப்பிலும் இதே முறைதான், குனிந்து பாருங்கள். பட்டையின் பின்முனை ஆடும் இணைப்பான ஷேக்கிளில் தொங்கும், முன்முனை ஒரு பின்னில் (துளையில் செருகிய முளையில்) நிலையாக நிற்கும். மொத்த வண்டியையும் தள்ளுவது பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் அந்த இரண்டு பின்கள். புரட்டும் விசையைத் தடுப்பதும் பட்டைதான்: முன்பாதி எழும்பி, பின்பாதி அமுங்கி, ஆங்கில எஸ் எழுத்துபோல் வளைந்து கொடுக்கும். வி8 ஒன்றரை மடங்கு திருப்புவிசை தரும்போது இந்த வளைவு எல்லை மீறும். டயர் வழுக்கும், பட்டை சட்டென நிமிரும், டயர் மறுபடி பிடிக்கும், பட்டை மறுபடி வளையும். பின்பக்கம் தடதடவென்று குதிக்கும்.

அப்படி வளையும்போது பினியனின் கோணமும் மாறும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ்கள் (வளைந்த கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டுகள்) சமமான கோணத்தில் இருந்தால்தான் ஒன்று உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சரிசெய்யும். கோணம் தவறினால் அதிர்வு, அப்புறம் கிராஸ் உடையும். திரும்பத் திரும்ப உடைந்தால் வண்டிக்கு ராசியில்லை என்று பூசணிக்காய் உடைக்கிறார்கள். நூறு ரூபாய் கோணமானி இதைச் சொல்லிவிடும். பாலிடெக்னிக் கல்லூரிகளுக்கு அறுத்துவைத்த என்ஜின் மாதிரிகளோடு, கழிக்கப்பட்ட அரசு வண்டிகளின் முழு சேஸையும் கொடுக்க வேண்டும். பட்டை வளைவதைக் கண்ணால் பார்த்த மாணவன் ராசியைத் தேடமாட்டான்.

நல்ல பட்டறைகள் செய்வது இதுதான். புதிய ஆக்சிலில் பட்டை உட்காரும் மேடைகளை முதலில் பொட்டு வெல்டு மட்டும் வைப்பார்கள். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் ஏறிய முழு எடையும் சக்கரத்தில் உட்கார்ந்தபின் பினியனின் கோணத்தை அளப்பார்கள். என்ஜினின் திருப்புவிசையை வாங்கும்போது மூக்கு எழும்பும் என்பதால் அதற்கு ஓரிரு டிகிரி முன்கூட்டியே கீழே சாய்ப்பார்கள். அதற்குப் பிறகே முழு வெல்டு.