உலக்கைப் பூணும் ஆயில் கூலர் லைனும்

டுரியான் காலத்தில் பினாங்கின் பாலிக் புலாவிலிருந்து ஜாலான் துன் சார்டோன் மலைச்சாலையில் பாரம் ஏற்றி வரும் பழைய பிக்கப்பை நிறுத்தினால், கீழே சொட்டுச் சொட்டாக மிஞ்ஞாக் ஹித்தாம், அதாவது எஞ்சின் எண்ணெய். குனிந்து பார்த்தால் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப் முழுக்க நனைந்திருக்கும். பழி சம்ப் கேஸ்கெட்டின் மேல் விழும். பல நேரம் அது நிரபராதி. ரேடியேட்டர் பக்கம் ஆயில் கூலர் லைனில் கசிந்த எண்ணெயை விசிறிக் காற்று பின்னுக்கு அடித்துப் பூசியிருக்கும்.

எண்ணெயின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளோ அதன் முன்னாலோ இருக்கும் வண்டிகளில், ஃபில்டர் அடியிலிருந்து போக ஒன்று, வர ஒன்று என இரண்டு லைன். முனைகளில் உலோகக் குழாய், நடுவில் ரப்பர் ஹோஸ். எஞ்சின், தன்னைத் தாங்கும் மவுண்டின் மேல் ஆடும்; ரேடியேட்டர் ஆடாது. அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் ரப்பர். ரப்பரும் உலோகமும் சேரும் இடத்தை, உலக்கைக்குப் பூண் போட்டதுபோல, ஓர் உலோக வளையம் நெரித்துப் பிடித்திருக்கும். மரம் காய்ந்தால் உலக்கைப் பூண் கழன்று ஆடும். இங்கும் அதே கதைதான்: 100 டிகிரிச் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்த ரப்பர் இறுகி, மீள்விசை இழந்துவிடும். பூண் அப்படியே இருக்கும், பிடி போயிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் 5, 6 பாருக்கு (bar) ஏறும். அப்போதுதான் கசிவு அதிகம்.

உறுதிசெய்ய, டிகிரீசரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பூண்களின் மேல் முகப் பவுடர் தூவுங்கள். எஞ்சினை 10 நிமிடம் ஓடவிட்டால் முதலில் கறுக்கும் இடம்தான் குற்றவாளி. கசிவது சிவப்பாக இருந்தால் பக்கத்தில் ஓடும் ஆட்டோ கியர் லைனைப் பாருங்கள்.

பூணின் மேல் கிளிப் போட்டு முறுக்குவது வீண். கிளிப் உலோகத்தைத்தான் நெரிக்கும், உள்ளே இருக்கும் ரப்பருக்கு அது எட்டாது. பூணை அறுத்துவிட்டு வழவழப்பான குழாயில் ஹோஸைச் செருகிக் கிளிப் போடுவது இன்னும் மோசம். அழுத்தத்தில் கழன்றால், சம்பில் உள்ள 5, 6 லிட்டரையும் பம்ப்பே ஒரு நிமிடத்துக்குள் ரோட்டில் கொட்டிவிடும்.

புது லைன் கிடைக்காவிட்டால், பழையதைக் கழற்றி பிறை (Perai) ஊர்ப்பக்கம் ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் கொடுத்து, அதே உள்விட்டத்தில் புது ஹோஸ் வைத்து, புதுப் பூண் நெரித்து கிரிம்ப் செய்யலாம். கடைக்காரர் நூறு பாருக்கு மேல் தாங்கும் என்பார். நமக்கு அழுத்தம் ஒரு பொருட்டே அல்ல, சூடுதான் முக்கியம். சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் பொதுவாக 100 டிகிரிக்கு மேல் தாங்காது. எஞ்சின் எண்ணெய்க்கென்றே உள்ள, 150 டிகிரி தாங்கும் ஹோஸைக் கேளுங்கள்.

கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று ரேடியேட்டர் ஃபிட்டிங்கைப் பிடிக்க, மற்றொன்று லைன் நட்டைத் திருக. ஒன்றே போதும் என்று முறுக்கினால் தொட்டியின் மரை கிழியும், சின்ன வேலை ரேடியேட்டர் செலவில் முடியும். ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம், செப்பு வாஷர் புதிதாகவே போடுங்கள். டெஃப்லான் டேப் கூடவே கூடாது. அதன் துணுக்கு பேரிங்குக்குப் போகும் எண்ணெய் வழியை அடைக்கும்.

மாட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்து 10 நொடிக்குள் ஆயில் விளக்கு அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, 5 நிமிடம் கழித்து அளவுகோலைப் பார்த்து எண்ணெய் ஊற்றுங்கள். எஞ்சின் மவுண்டையும் ஒருமுறை கடப்பாரையால் நெம்பிப் பார்ப்பது நல்லது. அது கிழிந்திருந்தால், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் புது ஹோஸ் இழுபடும்.